நடைக்கணக்கும் முப்பதடி ரோடும்

மனை வாங்க வருகிறவர்கள் தண்ணீர் வருமா, கரண்ட் கம்பம் எங்கே, பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்பார்கள். ஒரு வீடு கட்டி முடிக்க எத்தனை லாரி உள்ளே வரும் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். 1,200 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கட்டினால் குத்துமதிப்பாக 480 மூட்டை சிமெண்ட், 5 டன்னுக்குக் கொஞ்சம் குறைவாகக் கம்பி, எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்கிற மணல்) 20 யூனிட், ஜல்லி 16 யூனிட். ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி. அப்புறம் செங்கல், அஸ்திவாரத்துக்குள் நிரப்பக் கிராவல், ஜன்னல், கதவு, டைல்ஸ். சிறிய வண்டிகளை விட்டுவிட்டுக் கனரக வண்டிகளை மட்டும் எண்ணினாலும் நாற்பது ஐம்பது வரும். தண்ணீர் லாரி தனி.

நான் சைட் இன்ஜினியராக இருக்கும் லேஅவுட், கோவை சத்தி ரோட்டில் கோவில்பாளையம் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்தில் இருக்கிறது. 14 ஏக்கர், 170 மனை. நாற்பது சொச்சம் வீடுகளில் ஆள் குடிவந்தாயிற்று. முப்பது வீடுகளில் வேலை நடக்கிறது. மீதி மனைகளில் பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கிறது. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு வருகிற பஞ்சாயத்து தார்ரோடு 12 அடி அகலம். எதிரே ஒரு டிப்பர் வந்தால் ஸ்கூட்டர்காரர் மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த ரோட்டிலேயே ஒரு தொடக்கப்பள்ளியும் அங்கன்வாடியும் இருக்கின்றன.

மற்றக் கட்டுமான இடங்களோடு இதை ஒப்பிட முடியாது. அபார்ட்மெண்ட் சைட் என்றால் சுற்றிலும் தகரம் அடித்து, ஒரே கேட் வைத்து, ஒரே காண்ட்ராக்டர் பொறுப்பில் வேலை நடக்கும். லேஅவுட்டில் ஒவ்வொரு மனைக்கும் ஒரு சொந்தக்காரர், அவருக்கு ஒரு மேஸ்திரி, மேஸ்திரிக்குத் தெரிந்த ஒரு மணல்காரர், மணல்காரருக்குத் தெரிந்த ஒரு டிப்பர். முப்பது வேலையும் முப்பது தனி ராஜ்யம். 1996-இல் வந்து 2025 வரை நடப்பில் இருந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துப் பார்த்தால், அது பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற நிறுவனங்களுக்குத்தான் எழுதப்பட்டது. நாலு கொத்தனாரும் நாலு சித்தாளும் இருக்கிற வீட்டு வேலை அதற்குள் வராமலே நழுவிவிட்டது. சாலைப் பணியிடப் போக்குவரத்துக்கென்று இந்திய சாலைகள் பேராயம் எஸ்பி 55 என்ற கையேடு வைத்திருக்கிறது. முன்னெச்சரிக்கைப் பகுதி, மாறிச் செல்லும் பகுதி, வேலைப் பகுதி, முடிவுப் பகுதி என்று அழகாகப் பிரித்திருப்பார்கள். நெடுஞ்சாலைக்கு அருமையான புத்தகம். எங்கள் இடத்தில் வேலைப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாராலும் கோடு போட முடியாது. ஒரு வீட்டில் கிரகப்பிரவேசம் நடக்கும், பக்கத்து மனையில் ஜேசிபி தோண்டிக்கொண்டிருக்கும்.

முப்பது வீடு, வீட்டுக்கு நாற்பத்தைந்து வண்டி, பத்து மாத வேலை என்று சராசரி போட்டால் நாளுக்கு ஐந்து வண்டிகூட வராது. லாரிகள் வந்து போவதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று நான் சொன்னபோது, இதற்குப் போய் ஒரு ஏற்பாடா என்று எங்கள் மேனேஜர் கேட்டார். ஆனால் வண்டிகள் சராசரியாக வருவதில்லை, பஞ்சாங்கப்படி வருகின்றன. ஆடியில் யாரும் கடகால் தோண்ட மாட்டார்கள். ஆவணி பிறந்து 6-ஆம் தேதி வாஸ்து நாள். வாஸ்து புருஷன் கண் விழித்திருப்பது ஒன்றரை மணி நேரம்தான், அதற்குள் பூஜையை முடிக்க வேண்டும். எனவே ஒரே காலையில் ஏழெட்டு மனைகளில் செங்கல் வைப்பார்கள். பூஜை முடிந்த கையோடு ஜேசிபி, அள்ளின மண்ணை எடுக்க டிப்பர், மறுவாரம் ஜல்லி, அதற்கடுத்து கம்பி. எல்லா வீடும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால் தளம் போடுவதும் ஒன்றையொன்று ஒட்டியே வரும். அதனால் என் மேஜையில் முதலில் இருப்பது தினசரிக் காலண்டர். தை 12, சித்திரை 10 என்று வாஸ்து நாட்களைச் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அந்த வாரங்களுக்கு மட்டும் வாசலில் வண்டிகளுக்குக் கொடி பிடிக்க ஆள் கூட வைப்போம். மற்ற வாரங்களில் ஓர் ஆளே போதும்.

சரி, டிப்பர்காரர்களிடம் வருகிறேன்.

ஊரில் எல்லோரும் அவர்களைத்தான் திட்டுவார்கள். "குடிச்சுப்போட்டு ஓட்டறானுங்க" என்பது முதல் குற்றச்சாட்டு. நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேர் தூக்கமில்லாதவர்கள், குடிகாரர்கள் இல்லை. கல் உடைக்கிற கிரஷரில் விடியுமுன் வரிசையில் நின்று லோடு பிடித்து, ஊரைச் சுற்றிக்கொண்டு இங்கே வந்து கொட்டிவிட்டு மறுபடி ஓட வேண்டும். சம்பளம் நடைக்கணக்கு. ஒரு நடைக்கு இவ்வளவு பேட்டா, அவ்வளவுதான். ஒருநாள் ஓர் ஓட்டுநரை நிறுத்தி, ஏன் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இந்த வேகம் என்று கேட்டேன்.

"மேடம், போன நடைக்கு உங்க சைட்லதான் முக்கா மணி நேரம் நின்னேன். மேஸ்திரி ஃபோன் எடுக்கல. எங்க கொட்டறதுன்னு சொல்ல ஆளில்ல. அந்த முக்கா மணி நேரத்த நான் எங்கீங்க போய் எடுக்கறது?"

அவர் அதை எங்கே எடுக்கிறார் என்பதை நான் பார்த்துவிட்டேன். பள்ளிக்கூட வாசலில் எடுக்கிறார். சைட்டுக்குள் தொலைகிற ஒவ்வொரு நிமிடத்தையும் ஓட்டுநர் ஊர் ரோட்டில் வசூல் செய்துகொள்வார். 20 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி 40-இல் வந்தால் அதன் மோதும் வலு இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு. அதோடு 40-இல் வருகிறவர் குழந்தையைப் பார்த்துக் காலை பிரேக்குக்குக் கொண்டுபோகிற அந்த ஒரு நொடிக்குள்ளேயே வண்டி 11 மீட்டர் நகர்ந்திருக்கும். எங்கள் ஏற்பாட்டில் உருப்படியாக ஏதாவது இருக்கிறது என்றால், அது டிப்பர்காரரைச் சைட்டுக்குள் காத்திருக்க விடாமல் அனுப்புவதுதான். மஞ்சள் போர்டு, ஒளிரும் ஜாக்கெட், ஆரஞ்சுக் கூம்பு எல்லாம் நாங்களும் வாங்கினோம். கூம்புகளில் பாதியைக் காணோம். ஒன்று ஒரு வீட்டு வாசலில் செம்பருத்திக்குக் காவல் நிற்கிறது.

காத்திருக்க விடாமல் இருப்பது சொல்ல எளிது. செய்யும்போதுதான் ரோடு குறுக்கே வரும். லேஅவுட்டில் நடு ரோடு 40 அடி, கிளை ரோடுகள் 30 அடி, கடைசியில் முட்டிக்கொண்டு நிற்கிற மூன்று ரோடுகள் 23 அடி. பத்துச் சக்கர டிப்பர் முப்பதடி ரோட்டில் திரும்பாது. அதுவும் ஒரு பக்கம் கார், இன்னொரு பக்கம் செங்கல் அட்டி இருந்தால் சுத்தமாகத் திரும்பாது. அப்போது ரிவர்ஸ்தான். முன்பெல்லாம் கிளீனர் பையன் இறங்கிப் பின்னால் நின்று "வரட்டும், வரட்டும், ஓல்டான்" என்று தட்டிக்கொண்டே வருவான். இப்போது பெரும்பாலான வண்டிகளில் கிளீனரே இல்லை, பேட்டாவைப் பங்கு போடக் கட்டுப்படியாகவில்லை. பின்னால் என்ன இருக்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரியாது. இடது பக்கக் கதவுக்குக் கீழேயும் தெரியாது. முன் கண்ணாடிக்கு ஒட்டிக் கீழே நிற்கிற ஐந்து வயதுக் குழந்தையும் தெரியாது. ஒருமுறை என் சக ஊழியர்களை வரிசையாக ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி உட்காரவைத்து, பிளாஸ்டிக் பக்கெட்டுகளை வண்டியைச் சுற்றி வைத்து எத்தனை தெரிகிறது என்று எண்ணச் சொன்னேன். அன்றைக்கு அப்புறம் மேனேஜர் என்னிடம் செலவுக் கணக்கு கேட்பதைக் குறைத்துக்கொண்டார்.

ஆகவே லாரிகளுக்கு ஒருவழிப் பாதை போட்டோம். கிழக்கு வாசலில் உள்ளே, 40 அடி ரோட்டில் நேராக, ஒரு சுற்றுச் சுற்றி மேற்கு வாசலில் வெளியே. கிளை ரோட்டு மனைகளுக்கு முன்பக்கமாகவே நுழைந்து, முன்பக்கமாகவே வெளியேறும்படி வழி. முட்டுச்சந்து மனைகளுக்கு மட்டும் வேறு ஏற்பாடு: விற்காமல் இருந்த ஒரு மூலை மனையைச் சமன்படுத்தி, அதில் கொட்டச் சொல்லி, அங்கிருந்து டிராக்டர் டிரெய்லரில் எடுத்துப் போவது. இரண்டு முறை ஏற்றி இறக்குவதில் செலவு கூடும், மண் கொஞ்சம் சேதாரமாகும். மனைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். நியாயமான சண்டைதான். முட்டுச்சந்தில் மனை வாங்கியது அவர்கள் தவறா? கடைசியில் டிராக்டர் வாடகையைக் கம்பெனியே ஏற்றது. அந்த மூலை மனை விற்றுப்போனால் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. மார்க்கெட்டிங் ஆட்கள் அதை விற்கத் துடிக்கிறார்கள்.

வண்டி மெயின் ரோட்டில் திரும்பும்போதே ஓட்டுநர் எங்கள் வாசலில் இருக்கிற அக்காவுக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அந்த அக்கா இதே ஊர்க்காரர், பேரனை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருகிறவர். எந்த மனை, எங்கே கொட்ட வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதித் தயாராக வைத்திருப்பார், மேஸ்திரியையும் கூப்பிட்டு நிறுத்திவிடுவார். வண்டி வந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் கொட்டிவிட்டுப் போகலாம். காலை 8 முதல் 9.15 வரை, மாலை 3.45 முதல் 5 வரை லாரி உள்ளே வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது. இந்த நேரத்துக்கு ஓட்டுநர்கள் முறைப்பார்கள் என்று நினைத்தேன். சீட்டும் வேகமும் வந்தபின் அவ்வளவாக முறைக்கவில்லை. 8 மணிக்குமுன் ஒரு நடையை முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

முறைத்தது, கான்கிரீட்டைக் கலந்தே லாரியில் கொண்டுவருகிற ரெடிமிக்ஸ்காரர்கள். அவர்கள் பக்கம் கடிகாரம் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் சேர்த்துப் பிளாண்டில் ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் கான்கிரீட்டை இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. 1,200 சதுர அடித் தளத்துக்கு பீமோடு சேர்த்து 18 கனமீட்டர், அதாவது 6 கனமீட்டர் மிக்சர் வண்டி மூன்று. ஒரு வண்டியில் இருக்கிற கான்கிரீட்டின் எடை மட்டுமே ஏறக்குறைய 15 டன். மூன்றும் ஒன்றாக வந்துவிட்டால், இரண்டு வண்டி டிரம்மைச் சுற்றிக்கொண்டே 12 அடி ரோட்டில் நிற்கும். அந்தப் பக்கம் பள்ளி வேன் ஹாரன் அடிக்கும். இப்போது தளம் போடுகிறவர்கள் முந்தின நாள் மாலையே சொல்லிவிட வேண்டும், ஒரு நாளில் ஒரே ஒரு தளம். பள்ளி மணி அடித்தபின், காலை 9.30-க்கு முதல் வண்டி, அப்புறம் நாற்பது நிமிட இடைவெளி. ஒரு மனைக்காரர் ராகுகாலத்துக்கு முன்பே ஆரம்பித்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கையால் ஒரு சட்டி கான்கிரீட் கலக்கி நல்ல நேரத்தில் மூலையில் போட்டுவிடுங்கள், வண்டி அப்புறம் வரட்டும் என்று அவருடைய அம்மாதான் தீர்த்துவைத்தார்.

வேகத்தடை கதை தனி. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டது நியாயம். ஆனால் யாரோ ஒரே இரவில் மிச்சக் கான்கிரீட்டைக் குவித்து ஒன்றைப் போட்டுவிட்டார்கள். பாம்பு விழுங்கிய எலி மாதிரி ரோட்டில் ஒரு புடைப்பு. மறுநாளிலிருந்து ஒவ்வொரு லோடு வண்டியும் அதில் ஏறிக் குதித்தது. குதிக்கும்போதெல்லாம் தார்ப்பாய் கட்டாத தொட்டியிலிருந்து கால் சட்டி ஜல்லி ரோட்டில் விழுந்தது. அடுத்த வளைவில் ஸ்கூட்டரில் வந்த ஒரு டீச்சர் அந்த ஜல்லியில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். வண்டிகளின் வேகத்தைவிட, வண்டிகள் விட்டுப்போகிற ஜல்லியும் மண்ணும்தான் இருசக்கர வண்டிக்காரர்களை அதிகம் கீழே தள்ளுகின்றன என்பது என் அபிப்பிராயம். பஞ்சாயத்தில் பேசி அதை உடைத்து, விதிப்படி 3.7 மீட்டர் அகலத்துக்கு மெல்ல ஏறி 10 சென்டிமீட்டர் உயரம் வருகிற மாதிரி போட்டோம். வெள்ளைக் கோடு, முன்னாலேயே போர்டு. தார்ப்பாய் இல்லாத வண்டிக்குச் சீட்டு கிடையாது. மாலை 5 மணிக்கு இரண்டு பேர் அந்த வளைவைப் பெருக்குகிறார்கள். இந்த மொத்த ஏற்பாட்டிலும் மிக மலிவான செலவு அந்தத் துடைப்பம்.

ஓவர்லோடு பற்றி ஒரு வரி. பத்துச் சக்கர டிப்பருக்கு அனுமதித்த மொத்த எடை சுமார் 28 டன். காலி வண்டியே 10, 11 டன். ஒரு யூனிட் எம்-சாண்ட் நாலரை டன்னுக்குக் குறையாது. நாலு யூனிட்டுக்கு முன்பே எல்லை வந்துவிடும், நீங்களே பெருக்கிப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 20,000 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. "ஆறு யூனிட் ஒரே நடையில் அடிச்சுக் கொடுத்தர்றேன்" என்று யாராவது சொன்னால், மலிவாகக் கிடைக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள்.

என்னை இரவில் எழுப்புவது இது எதுவுமில்லை, மணல் குவியல்தான். மனைக்குள் இடமில்லை என்று ரோட்டோரத்தில் கொட்டுவார்கள். சாயங்காலம் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது. சறுக்குவார்கள், குழி தோண்டி உட்காருவார்கள், குவியலுக்குப் பின்னால் ஒளிவார்கள். அதே குவியலோடு அடுத்த லோடைச் சேர்த்துக் கொட்ட ஒரு டிப்பர் ரிவர்ஸில் வரும். திட்டினால் பிள்ளைகள் அடுத்த ரோட்டுக் குவியலுக்குப் போவார்கள். இதற்கு நான் கண்ட ஒரே மருந்து பூங்கா. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் ரோடு போக மீதி நிலத்தில் 10 சதவீதம் பொது இடமாக விட்டாக வேண்டும், எங்களிடமும் விட்டிருந்தது. வழக்கமாக அதை எல்லா மனையும் விற்றபின் கடைசியில்தான் ஒழுங்கு செய்வார்கள். நான் நச்சரித்து முதலிலேயே வேலி போடவைத்தேன். ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்கு, அப்புறம் ஒரு டிராக்டர் மணல். ஆமாம், மணலையே கொட்டினோம். பிள்ளைகளுக்கு வேண்டியது அதுதானே. குவியல்கள் மனைக்குள் போக ஆரம்பித்ததும் அதே சமயத்தில்தான்.

இன்னொன்று, மேலே பார்க்க வேண்டிய ஆபத்து. ரோட்டுக்குக் குறுக்கே போகும் வீட்டு மின்கம்பி 5.8 மீட்டர் உயரத்தில் இருந்தால் போதும் என்பது விதி. டிப்பர் தொட்டியை முழுசாகத் தூக்கினால் நுனி அந்த உயரத்தை எட்டிவிடும். கடைசிப் பிடி மண்ணை உதற, தொட்டியை இறக்காமலே வண்டியை முன்னே நகர்த்துவது எல்லா ஓட்டுநருக்கும் பழக்கம். கம்பி குறுக்கே போகிற இடங்களில் கொட்டவே கூடாது என்று ரோட்டில் சிவப்புப் பெயிண்டால் பெட்டி போட்டிருக்கிறோம்.

இவ்வளவும் எந்த அதிகாரத்தில் என்று கேட்கலாம். ரோடுகளையும் பூங்காவையும் தானப் பத்திரம் எழுதிப் பஞ்சாயத்துக்குக் கொடுத்தாயிற்று. பொது ரோட்டில் லாரியை நிறுத்த எனக்கு எந்த உரிமையும் இல்லை. வாசல் என்று சொல்கிறேனே, அது இரண்டு டிரம்மும் ஒரு கயிறும்தான். எங்களிடம் இருக்கிற ஒரே பிடி, கட்டுமானத் தண்ணீர் கம்பெனியின் போர்வெல்லிலிருந்து போகிறது என்பது. சீட்டு இல்லாமல் வண்டி விட்டால் அந்த வீட்டுக்கு இரண்டு நாள் தண்ணீர் தாமதமாகும். சட்டப் புத்தகத்தில் இல்லாத விதி, ஆனால் வேலை செய்கிறது.

இதற்கெல்லாம் அடங்காதது போர்வெல் தோண்டுகிற போர் வண்டி. திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து வரும், ரிக் ஒரு லாரி, கம்ப்ரஸர் ஒரு லாரி. முந்தின ஊரில் எப்போது தண்ணீர் கிடைக்கிறதோ அப்போதுதான் இங்கே கிளம்பும், எனவே வருகிற நேரம் இரவு பதினொன்றோ இரண்டோ. அந்த நேரத்தில் கொடிக்கார அக்காவை எழுப்ப முடியாது. மனைச் சொந்தக்காரரோ அவர் வீட்டு ஆள் ஒருவரோ டார்ச்சோடு வந்து கயிற்றடியில் நின்றால்தான் வண்டி உள்ளே வரும் என்று வைத்திருக்கிறோம். பெங்களூரில் இருக்கும் ஒருவர், வீடியோ காலில் நின்றால் போதாதா என்று கேட்டார். போதாது என்றதும் அன்னூரிலிருந்து மாமனாரை அனுப்பினார். பெரியவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து, இரண்டு லாரியையும் தானே வழிகாட்டிக் கொண்டுபோய் நிறுத்தி, 700 அடி வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த போர் எப்போது என்று போன வாரம் ஃபோன் பண்ணி விசாரித்தார்.